படுக்கை மாறிய பிரார்த்தனை

எங்கள் வார்டில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். வைத்தது நான்தான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்ல சிஸ்டர், நீங்க கத்துற கத்தலுக்கு நாங்க ஒரு பேரு வச்சா ஆஸ்பத்திரியே சிரிக்கும்" என்று அப்போதே திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. என்னைவிட மூத்தவள் என்பதால் நேரில் அக்கா என்பேன். முதுகுக்குப் பின்னால் முணுமுணுதான்.

அது கடைசி வார்டு. கட்டடத்தின் கடைசியில் இருப்பதால் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவோம், ஒருவரும் நம்பமாட்டார்கள். இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மற்ற வார்டுகள் கைவிட்டவர்களை எங்களிடம் தள்ளிவிடுவார்கள். நான் அங்கே தலைமை நர்ஸ், அவள் ஆயா. உடம்பு துடைப்பது, புண் வராமல் திருப்பிப் போடுவது, மலம் மூத்திரம் எடுப்பது, காய்ந்த உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைப்பது எல்லாம் அவள் வேலை. முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சுளிப்பதற்கும் சேர்த்து நான் சுளித்துவிடுவேன்.

இந்த வேலையோடு வேலையாக, யாரும் சொல்லாமலே ஒன்று செய்வாள். யாருக்காவது மூச்சு தடுமாற ஆரம்பித்தால், கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து தலைமாட்டில் மண்டியிடுவாள். ஒரு கையை நெற்றியில் வைத்து, காதோடு வாயை வைத்து, அந்த ஆளுடைய மதத்தில் கடைசி நேரத்துக்கு என்ன சொல்வார்களோ அதைச் சொல்லுவாள். கவனியுங்கள், அவளுடைய மதத்தில் அல்ல, அந்த ஆளுடைய மதத்தில். எங்கள் வார்டுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். சாவுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. பார்க்க வரும் சொந்தக்காரர்களிடமும், நோயாளிகளுக்காகப் பிரார்த்திக்க வரும் பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டு அவள் கற்றுக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. பெருக்கும்போதும் போர்வை மடிக்கும்போதும் உருப்போட்டுக்கொண்டே இருப்பாள். பிசகினால் அவர்களையே பிடித்து நிறுத்தித் திருத்திக்கொள்வாள். "இத்தனை சாமியையும் கூப்பிட்டுப் பழகிட்டேன் சிஸ்டர். வீட்டுல விளக்கேத்தி உக்காந்தா, என் சாமி என்னைப் பாத்து, ‘நீ யாரும்மா, எந்தத் தெரு?’ன்னு கேக்குது" என்பாள்.

யார் எந்த மதம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், தப்பு யார் பக்கம் என்று அதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். மனுஷ புத்தி அப்படி. என் புத்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளுடைய வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, வேறொரு ஆஸ்பத்திரியின் நடைபாதையில் கிடத்தப்பட்டிருந்தார். சீட்டு வாங்கி வரச்சொல்லி இவளை வரிசையில் நிற்கவைத்தார்கள். சீட்டோடு திரும்பி வந்தபோது அவர் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற காவலாளி, "ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா" என்றாராம். என்ன கேட்டார் என்று இவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். "தெரியலம்மா, யாரும் கவனிக்கல" என்று அந்த மனுஷரும் அழுதிருக்கிறார். தண்ணீர் கேட்டாரா, இவளைக் கேட்டாரா, சாமியைக் கேட்டாரா? அது தெரியாமலேதான் அவள் ஒரு பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள், கிழவியும் ஆனாள். "இந்த வார்டுல ஒருத்தரும் அப்படிப் போகக்கூடாது சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னாள். அவள் வாழ்க்கையில் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றைத்தான்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. ஒருநாள் சீண்டிப் பார்த்தேன். "ஏன்க்கா, பிரார்த்தனை மாறிப்போச்சுன்னா கதவைத் திறக்கமாட்டேன்னு சாமி சொல்லிடுமா?"

"சாமிக்கு எல்லாம் தெரியும், அதுக்கு ஒண்ணும் இல்ல. போறவங்களுக்குத்தான் தெரிஞ்ச வார்த்தை வேணும். தெரியாத ஊர்ல இருட்டுல இறங்கறீங்க. யாரோ ஒருத்தர் நம்ம பாஷையில, ‘வாங்க’ன்னா எப்படி இருக்கும்? அதே புரியாத பாஷையில யாரோ காதுகிட்ட வந்து பேசினா? பயந்துட மாட்டீங்க?"

அதற்குமேல் நான் சீண்டவில்லை. எனக்கு அது அபூர்வம்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டோம். ஜன்னலோரம் படுத்திருப்பவர் ஜன்னல்காரர், தூண் பக்கம் தூண்காரர், கதவோரம் கதவம்மா. பெயர் சொல்லிப் பழகினால் பிரியும்போது வலிக்கும் என்று யாரோ ஆரம்பித்துவைத்தது. டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அது பழகிவிட்டது. முணுமுணுவும் அப்படித்தான் மனசில் வைத்துக்கொள்வாள். ஆளைக் கொண்டுவந்து கிடத்திய அன்றே சொந்தக்காரர்களிடம் நைச்சியமாக மதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜன்னல்காரருக்கு இது, தூண்காரருக்கு அது என்று பதிய வைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயம் ஒரே வாரத்தில் இரண்டு கிழவர்கள் வந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டியவர், ஜன்னலோரம் படுத்தார். இன்னொருவர் தையல்காரர், தூண் பக்கம் படுத்தார். இருவரும் வேறு வேறு மதம். தையல்காரருடைய மகன் பஸ் கண்டக்டர். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்து உட்கார்ந்துகொள்வான். அப்பாவின் தலையை வாரிவிடுவான், நகம் வெட்டுவான். யாரோடும் பேசமாட்டான். அவன் பெண்டாட்டிதான் முணுமுணுவிடம் மதத்தைச் சொன்னது.

பிறகு முணுமுணு, மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போனாள். அவள் போன நேரம் பார்த்து வார்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. எல்லோரையும் பக்கத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய், சுண்ணாம்பு காய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள். தள்ளியவர்கள் வெளியாட்கள், கிடைத்த இடத்தில் கட்டிலை நிறுத்தினார்கள். லாரிக்காரர் தூணுக்குப் போனார். தையல்காரர் ஜன்னலுக்கு வந்தார். காற்று வருகிற இடம், இருக்கட்டும் என்று அவர் மருமகளும் சந்தோஷப்பட்டாள்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். கடைசி வார்டுக்கு வந்து பாருங்கள். பாதி முகத்தை ஆக்ஸிஜன் மாஸ்க் மூடியிருக்கும். மீதி இருப்பது ஒடுங்கிய கன்னமும் குழிந்த கண்ணும்தான். பெற்ற பிள்ளைகளே கட்டில் மாறி நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

லீவு முடிந்து அவள் வந்த காலை, பையைக்கூட வைத்திருக்கமாட்டாள். பேத்தி பிறந்த சேதியை வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தவள், ஜன்னலோரம் மூச்சு இழுப்பதைப் பார்த்துவிட்டாள். நான் ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மண்டியிட்டு, நெற்றியில் கைவைத்து, காதில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு எல்லா முணுமுணுப்பும் ஒன்றுதான். எது எந்த மதம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷரின் முகம் எனக்கு நேராக இருந்தது. விடிந்ததிலிருந்து போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்த அவர் விரல்கள் நின்றன. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி, நெற்றியில் இருந்த அவள் கையின்மேல் வைத்துக்கொண்டார். அவள் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. மூச்சு சீராக ஆரம்பித்தது.

அப்போதுதான் மகன் பால் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தான். ஒரு கணம் நின்று கேட்டான். பிளாஸ்க் கீழே விழுந்தது.

"என்ன சொல்ற நீ? எங்கப்பா காதுல என்ன சொல்ற?"

அவள் நிமிர்ந்தாள். "பயப்படாதீங்க தம்பி, மூச்சு நல்லா வருது" என்றாள்.

"இது எங்க பிரார்த்தனை இல்ல! சாகப்போற மனுஷனை மதம் மாத்தறியா? எத்தனை நாளா நடக்குது இது?" என்று அவளைத் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவனுக்கு வாய் இருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. வார்டு முழுக்கக் கூடிவிட்டது. பக்கத்து வார்டிலிருந்தும் வந்தார்கள். இவன் மதத்துக்காரர்கள் இவன் பக்கம், லாரிக்காரரின் மதத்துக்காரர்கள் எதிர்ப்பக்கம் என்று கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு கட்சி. எந்த மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று வராந்தாவில் ஒரு சங்கத்தார் பலகை மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே நின்றுதான் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கத்தினேன், பாருங்கள், அன்றைக்குத்தான் என் கத்தலுக்கு ஒரு பிரயோஜனம். கட்டில் மாறிய கதையைச் சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஏறியது அவள் காதில் மட்டும்தான். சுவரோரம் நின்றவள் ஜன்னலைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பிடித்து இழுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். கலவரம் வேண்டாம் என்று அவளைச் சலவைக் கூடத்துக்கு மாற்றினார். கடைசி வார்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு. சலவைக் கூடம் வளாகத்தின் மறுகோடியில், கொதிநீர்த் தொட்டிகளும் நீராவியுமாக இருக்கும். வேலை போகவில்லையே என்று ஆறுதல் சொல்லப் போனேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அவர் இருக்காரா சிஸ்டர்?"

"இருக்கார். பேச்சு இல்ல, ஆனா நினைவு இருக்கு."

"ஒரே ஒரு தடவை நான் வரணும். மன்னிச்சிடுங்கய்யா, கட்டில் மாறிப்போச்சுன்னு சொல்லணும். அவர் காதுல விழற மாதிரி சொல்லணும். அப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்பினாக்கூடப் பரவாயில்ல."

"அவர் பயப்படலக்கா. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்? உன் கையை எடுத்துப் பிடிச்சுக்கிட்டார். முகம் நல்லா இருந்துச்சு."

"கை வந்து பட்டது தெரிஞ்சுது சிஸ்டர், பயத்துல தள்ளிவிடவும் கை வருமே" என்றாள்.

மகனிடம் போய்க் கேட்டேன். நான் பணிந்து பேசுவது ஊரறிந்த அதிசயம், அதையும் செய்தேன். "நீங்க கூடவே நில்லுங்க தம்பி. அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடும்" என்றேன். அவன் அப்பாவின் தலையை வாரிக்கொண்டே, "அந்த அம்மா இந்தப் பக்கம் வந்தா நான் மனுஷனா இருக்கமாட்டேன் சிஸ்டர்" என்றான். கை மட்டும் மெத்தென்று வாரிக்கொண்டிருந்தது. அவன்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

தினமும் அவள் அழுக்குத் துணி வண்டியோடு எங்கள் வராந்தா முனைவரை வருவாள், அங்கேயே நிற்பாள். நான் தலையாட்டுவேன். இருக்கிறார் என்று அர்த்தம். திரும்பிப் போவாள்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம். தையல்காரரின் மூச்சு மாறியது. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தச் சத்தம் தப்பாது. "சொல்றதைச் சொல்லிடுங்க தம்பி, நேரமில்ல" என்றேன். அவன் காதருகே குனிந்தான். வாயைத் திறந்தான். ஒரு வரி வந்தது. அடுத்தது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், அதே இடத்தில் நின்றது. பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே கைவிரித்தாள். யாருக்கோ போன் போட்டான். அவர்கள் வந்துசேர ஒருமணி நேரம் ஆகும் என்றார்கள்.

"எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றான். "சின்ன வயசுல அப்பா சொல்லிக்குடுத்தார். மறந்துபோச்சு. ஒண்ணும் வரமாட்டேங்குது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அந்த அம்மாவுக்கு எங்களோடது தெரியுமா?"

நான் ஓடினேன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் ஓடுகிற ஜாதி இல்லை. சலவைக் கூடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கையை உதறிக்கொண்டு எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்திருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை.

வார்டு வாசலில் நின்றுவிட்டாள். "வாங்க, வாங்கம்மா" என்று அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் கட்டிலுக்கு வந்தாள், ஆனால் மண்டியிடவில்லை. "நான் சொல்லமாட்டேன் தம்பி. ஏற்கெனவே ஒருதடவை அவரைப் பயமுறுத்தியாச்சு. என் குரலைக் கேட்டா மறுபடி பயந்துடுவார். நீ சொல்லு, உன் குரல் அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு வார்த்தையா எடுத்துக்குடுக்கறேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. அவள் அவன் காதில் சொல்ல, அவன் அப்பாவின் காதில் சொன்னான். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அவன் விழுங்கும்வரை காத்திருந்து அடுத்ததைக் கொடுத்தாள். பாதி தாண்டியபோது தையல்காரரின் மூச்சு நின்றுவிட்டது. அவன் நிறுத்தி நிமிர்ந்தான். "நிறுத்தாத, முடி" என்று அவன் முதுகைத் தட்டினாள். கடைசி வார்த்தைவரை சொல்ல வைத்தாள். பிறகுதான் அவர் கால்மாட்டுக்குப் போனாள். எதற்காக இத்தனை நாள் வராந்தா முனையில் நின்றாளோ அதைக் கேட்க வாயைத் திறந்தாள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அவள் இருந்த நேரத்தையெல்லாம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். "பெத்தவனுக்குத் தன் வாயாலயே முழுசாச் சொல்லி அனுப்பியிருக்கான், இந்தக் காலத்துல யாருக்குத் தெரியுது இதெல்லாம்" என்று பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். துணி வண்டியோடு சற்றுத் தள்ளி அவள் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். எடுத்துக்கொடுத்தது அவள் என்று சொல்லவில்லை. நான் பொங்கிக்கொண்டு கிளம்பினேன். அவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க சிஸ்டர். பிள்ளை சொன்னான்னு இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி. அவனும்தான சொன்னான்?"

விஷயம் பெரிய டாக்டர் காதுக்கு எட்டி, அவர் உத்தரவை வாபஸ் வாங்கினார். நானே போய்ச் சொன்னேன். வார்டில் கதவம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, பார்க்க நாதியில்லை, வா என்றேன். அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சிஸ்டர். மறுபடி மாறிப்போச்சுன்னா?"

"மாறாது. நான் கூட நிக்கறேன்."

"அன்னிக்கும் நீங்க கூடத்தான நின்னீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுஷர் பயப்படலன்னு எத்தனை தடவை சொல்றது? இந்தக் கண்ணால பாத்தேன்க்கா. போர்வையைப் பிய்க்கறது நின்னுச்சு. உன் கையை எடுத்து வச்சுக்கிட்டார். நிம்மதியா இருந்தார். எந்த மதமோ, எந்த வார்த்தையோ, யாரோ பக்கத்துல இருக்காங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுச்சு. அது போதாதா?"

அவள் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"செத்தவங்க வீட்டுலருந்து வந்து, எங்கப்பா எப்படிப் போனார், பயந்தாரான்னு என்னைக் கேப்பாங்க. நிம்மதியாப் போனார், என் கையைப் பிடிச்சுக்கிட்டார், முகம் நல்லா இருந்துச்சுன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவேன். துடிச்சுத் துடிச்சுப் போனவங்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன் சிஸ்டர். நீங்க நல்லவங்க. எனக்கும் அதையே சொல்றீங்க."

நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அதை அவள் நம்பும்படி சொல்ல எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. அவள் போய்ச் சேரும்வரை கிடைக்கவில்லை.